கடைசிப் பேருக்கு ஒரு காரணம்

காகிதம் ஒரு சாண் நீளம் இருக்கும். ஒன்பது கோடு போட்டிருக்கும். கூட இருக்கிற ஒன்பது பேரோட பேரை அதுல எழுதணும். நல்ல ஆள் மேல. ஆகாதவன் கீழ. கடைசிப் பேருக்குப் பக்கத்துல மட்டும் கொஞ்சம் இடம் விட்டிருக்கும். ஏன் கடைசின்னு அங்க எழுதணும். எழுதினவன் தன் பேரைப் போட வேணாம்.

சனிக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் அந்தக் காகிதம் வரும். ஆறு சனிக்கிழமை வந்தது. இன்னைக்கும் எவனாவது அந்த அளவுக் காகிதத்தை என் கையில நீட்டினா நான் கையைப் பின்னால இழுத்துக்குவேன்.

நான் அஞ்சாவதோட நின்னவன். எழுத்து எனக்கு மெதுவா வரும். அதனால சுருக்கமா எழுதறேன்.

எங்க ஊர் ஆம்பூர். தோல்ஷாப்புல வேலை. அங்க ரெண்டு பக்கம் உண்டு. உப்புத் தோல் வந்து எறங்கி, சுண்ணாம்புக் குழியில ஊறி, முடி உதிர்ந்து, சதை வழிக்கிறது ஈரப் பக்கம். பதம் ஆன தோலைப் பலகையில விரிச்சு ஆணி அடிச்சுக் காய வைக்கிறது, மெருகு போடுறது காய்ஞ்ச பக்கம். நான் ஆணி அடிக்கிறவன். நடுவுல ஒரு சுவர்தான். இருந்தாலும் டீக்கடையில காய்ஞ்ச பக்கத்து ஆள் ஈரப் பக்கத்து ஆளோட பெஞ்சுல உட்கார மாட்டான். நாத்தம்னு சொல்லுவான். ஊர்க்காரங்க எங்க ரெண்டு பக்கத்தையும் சேர்த்து, எங்க தெருவையும் சேர்த்து, அதையே சொல்லுவாங்க. பஸ்ல நான் உட்கார்ந்தா வேலூர் வரைக்கும் பக்கத்து சீட்டு காலியா வரும். நின்னுகிட்டு வருவான், உட்கார மாட்டான்.

எங்க தெருவுல என் வீட்டுக்கு நாலாவது வீட்டுல ஒருத்தர் இருந்தார். என்னைவிட நாலு வயசு மூத்தவர். சொந்தம் கிடையாது. அண்ணான்னு கூப்பிடுவேன். இங்கேயும் அண்ணன்னே எழுதறேன். அவர் சுண்ணாம்புக் குழி ஆள். விரல் நுனியெல்லாம் பொத்தல். உள்ளங்கை தோல் உரிஞ்சு செவசெவன்னு இருக்கும். குழம்பு பட்டா எரியும்னு ஸ்பூன்ல சாப்பிடுவார். வேலூர்ல ஒரு டாக்டர் பார்த்துட்டு, இன்னும் சில வருஷம் இந்தக் கையைக் குழியில விட்டா விரல் மடங்காதுன்னு சொல்லிட்டார்.

பகுதி நேரப் பட்டாளத்துல அவர்தான் முதல்ல சேர்ந்தார். வருஷத்துல பத்து மாசம் அவனவன் பிழைப்பு. ரெண்டு மாசம் கூடாரம், பூட்ஸ், துப்பாக்கி. சண்டைன்னு வந்தா கூப்பிடுவாங்க. என்னையும் கூப்பிட்டுக்கிட்டுப் போய் சேர்த்துவிட்டார்.

"இன்னாத்துக்குண்ணா இந்தப் பேஜார்?"ன்னு கேட்டேன்.

"ரெண்டு மாசம் கை காயும்டா"ன்னார். அவ்வளவுதான் காரணம்.

நாலு வருஷம் அப்படிப் போய் வந்தோம். எழுபதுகளோட கடைசி அது. அந்த வருஷம் எங்க ரெண்டு பேரையும் நாயக் பயிற்சிக்குப் போட்டாங்க. நாயக்னா பத்துப் பேருக்குத் தலைவன். கையில ரெண்டு பட்டை வரும். லீவு கேட்க மேனேஜர்கிட்ட போனோம்.

மேனேஜர் சொன்னார்: "கேட்ல இருக்கிற பெரிய வாட்ச்மேன் இந்த வருஷத்தோட போறாரு. முதலாளிக்கு பட்டாளத்து ஆள்தான் வேணுமாம். உங்க ரெண்டு பேர்ல எவன் பட்டையோட வர்றானோ அவனுக்கு அந்த நாற்காலி."

"ரெண்டு பேரும் வந்தா?"ன்னு நான் கேட்டேன்.

"மூத்தவன் இவன். இவன் உட்காரட்டும். நீ நல்ல பக்கத்துலதானப்பா இருக்கே."

வெளிய வந்ததும் அண்ணன் கையை ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அன்னைக்கு டீக்கு அவர் காசு கொடுத்தார்.

பள்ளிகொண்டா தாண்டி பாலாத்து ஓரம் கூடாரம் போட்டிருந்தாங்க. ஆத்துல தண்ணி இல்லை. மணல்தான். மணலைத் தோண்டினா ஊத்து வரும். அதுல குளிப்போம். எங்க கூட்டத்துல பத்துப் பேர். எல்லாம் இந்தச் சுத்துப்பட்டு ஆளுங்க. அதுல ரெண்டு பேரை மட்டும் சொன்னா போதும். ஒருத்தன் குடியாத்தத்தான். லுங்கி தறி வெச்சிருக்கிற வீட்டுப் பிள்ளை. பத்தாவது பாஸ். பேச்சுல வெண்ணெய் வழியும். இன்னொருத்தர் பேரணாம்பட்டு பாய். தோல் மண்டியில தரம் பிரிக்கிறவர். தோலைத் தடவிப் பார்த்து ஒண்ணாம் தரம், ரெண்டாம் தரம்னு தூக்கிப் போடுறது அவர் வேலை.

பயிற்சி கொடுக்கிறவரை உஸ்தாத்னு கூப்பிடணும். கேரளத்துக்காரர். ரெண்டு சண்டை பார்த்தவர். முதல் சனிக்கிழமை காகிதத்தைக் கொடுத்துட்டு சொன்னார்:

"நான் பார்க்கும்போது எல்லாரும் நல்லவன். நான் போனப்புறம் பக்கத்துல படுத்திருக்கிறவனுக்குத்தான் உன் யோக்கியதை தெரியும். அதனால அவன் எழுதட்டும். பாதி மார்க் என்னோடது. பாதி மார்க் இந்தக் காகிதத்தோடது. கடைசி வாரம் எல்லாரும் சேர்ந்து எவனைக் கடைசில போடுறீங்களோ அவனுக்குப் பட்டை கிடையாது. கூட இருக்கிறவன் மதிக்காத ஆள் 'முன்னால போ'ன்னா எவன் போவான்?"

கேட்க நல்லாத்தான் இருந்தது.

பாய் என் காதுல, "மண்டியில தோல் வாயைத் தொறக்காது. இங்க தோலே தோலுக்குத் தரம் போடுது"ன்னார். சிரிச்சோம்.

முதல் வாரம் எல்லாரும் மனசுல பட்டதை எழுதினோம். உஸ்தாத் கூட்டி வாசிச்சார். அண்ணன் முதல். ஆச்சரியம் ஒண்ணும் இல்லை. ஓட்டத்துல எவனாவது விழுந்தா அவன் பையையும் சேர்த்துத் தூக்குவார். தண்ணி கடைசியா குடிப்பார். ராத்திரி காவல் ஒருத்தனுக்குக் காய்ச்சல்னா அவன் முறையையும் நிப்பார். குடியாத்தத்தான் எட்டாவது. அவன் மூஞ்சி செத்துப் போச்சு.

அடுத்த நாள் ஊத்துல துணி துவைக்கும்போது எல்லாரையும் கூட்டினான்.

"இதோ பாருங்கப்பா. நாம ஒருத்தனை ஒருத்தன் காட்டிக் கொடுத்துக்கிறதுக்கா வந்தோம்? முறை வெச்சுக்கலாம். வாரத்துக்கு ஒருத்தன் கடைசி. காரணம் சில்லறையா எழுதிக்கலாம். குறட்டை விடுறான், பூட்ஸ்ல பாலிஷ் கம்மி, இப்படி. எல்லாரும் ஒரே அளவுல நிப்போம். உஸ்தாத் எவனைத் தள்ளுவாரு?"

"கடைசி வாரம்?"ன்னு ஒருத்தன் கேட்டான்.

"அன்னைக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டுக்கலாம். அது அவன் விதி."

தெருக்குழாயில குடத்துக்கு முறை வைக்கிற மாதிரி எல்லாரும் தலையாட்டினோம். பாய், "சரி தோஸ்த்"ன்னார். நானும் சரின்னேன். அண்ணன் சட்டையைப் பிழிஞ்சுகிட்டே இருந்தார்.

"நீங்க இன்னாண்ணா சொல்றீங்க?"ன்னு குடியாத்தத்தான் கேட்டான். வேலை ஆகணும்னா அவனும் அண்ணான்னு சொல்லுவான்.

"நான் பார்த்ததை எழுதறேன்"ன்னார்.

"அரிச்சந்திரன் வீட்டு ஆளு"ன்னு ஒருத்தன் சொன்னான். சிரிப்பு. அண்ணனும் சிரிச்சார். சட்டையை உதறி மணல்ல விரிச்சார்.

ரெண்டாவது வாரம் பாய் கடைசி. காரணம் குறட்டை. எட்டு காகிதத்துல குறட்டைன்னு வந்தது. உஸ்தாத் காகிதங்களைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அவருக்குத் தெரிஞ்சு போச்சுன்னு எனக்கு அப்பவே பட்டது.

மூணாவது வாரம் சுமை நடை ஆரம்பிச்சது. முதுகுப் பையில ஆளுக்கு எட்டு செங்கல். ஆத்தோரமா ஆறு மைல் போய், ஆறு மைல் திரும்பணும். போகும்போது முதல் மைல்லயே ஒரு வேலிகாத்தான் புதர் இருந்தது. குடியாத்தத்தான் ஒண்ணுக்குப் போற மாதிரி ஒதுங்கி ஆறு கல்லை அதுக்குள்ள போட்டான். திரும்பி வரும்போது எடுத்து வெச்சுக்கிட்டான். கூடாரத்துல எண்ணிப் பார்த்தா எட்டு இருந்தது.

எல்லாரும் பார்த்தோம். அடுத்த நடையில இன்னும் நாலு பேர் அதே புதர்ல ஒதுங்கினாங்க. நானும் மூணு கல் போட்டேன். அண்ணன் எனக்கு முன்னால நடந்துகிட்டிருந்தார். ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். திரும்பி நடந்தார். குடியாத்தத்தான்கிட்ட மட்டும், "எடுத்து வெச்சுக்கோப்பா. நாளைக்குப் பத்துப் பேர் உன் பின்னால வரணும்"னு சொன்னார்.

"கல்லைத் தூக்கறதுக்குக் கழுதை போதும்ணா"ன்னான் அவன்.

அந்தச் சனிக்கிழமை உஸ்தாத் ஒரு காகிதத்தை மட்டும் எடுத்து வாசிச்சார். குடியாத்தத்தான் பேரைச் சொல்லி, "கடைசி. காரணம்: கல்லைப் புதர்ல போட்டுட்டு வெறும் பையோட நடக்கிறான்." யார் எழுதினதுன்னு கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

குடியாத்தத்தான், "பொய், உஸ்தாத்"ன்னான்.

உஸ்தாத் காகிதத்தை மடிச்சுப் பையில வெச்சார். "சரி. பொய்"ன்னார்.

அதை நம்பித்தான் நாங்க அடுத்த செவ்வாய்க்கிழமையும் புதர்ல ஒதுங்கினோம். அவ்வளவு புத்தி எங்களுக்கு. மூணாவது மைல்ல உஸ்தாத் சைக்கிள்ல வந்து வழியை மறிச்சார். பையைக் கொட்டச் சொன்னார். மணல்ல செங்கல் விழுந்தது. குடியாத்தத்தானுக்கு ரெண்டு. எனக்கு அஞ்சு. நாலு பேருக்கு நாலு, அஞ்சு. அண்ணனுக்கும் பாய்க்கும் இன்னும் ரெண்டு பேருக்கும் எட்டு.

தண்டனை பத்துப் பேருக்கும். "முதல்ல ஒருத்தன் போட்டான். ஒன்பது பேர் பார்த்தான்"ன்னார் உஸ்தாத். "பார்த்ததை உஸ்தாத் முன்னால நின்னு சொல்லல"ன்னு அண்ணனையும் சேர்த்தார். நடு மத்தியானம். ஆத்து மணல். ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி, கையில ரெண்டு ரெண்டு செங்கலோட நிக்கணும். கையை இறக்கினா திரும்ப முதல்ல இருந்து. ஒருத்தன் இறக்குவான், பத்துப் பேருக்கும் திரும்ப ஆரம்பிக்கும். எவ்வளவு நேரம்னு எனக்குத் தெரியாது. பாய் வாந்தி எடுத்தார். அண்ணன் பக்கத்துல நான் நின்னேன். அவர் கையில பழைய பொத்தல் எல்லாம் திறந்து, முழங்கை வரைக்கும் ரத்தம் கோடு கோடா எறங்கினது. அவர் கையை எறக்கவே இல்லை. அஞ்சு தடவை எறக்கினவன் நான்.

அன்னைக்கு ராத்திரிச் சாப்பாட்டு வரிசையில அண்ணனோட யாரும் பேசல. தட்டை எடுத்துக்கிட்டு வந்து உட்கார்ந்தார். பக்கத்துல இருந்தவங்க எழுந்து நகர்ந்தாங்க. நானும் நகர்ந்தேன். ரொம்ப இல்லை. ஒரு ஆள் உட்கார்ற அளவு. பஸ்ல எனக்குப் பக்கத்துல விடுற அந்த அளவு.

அதுக்கப்புறம் அவர் என்ன செஞ்சாலும் குத்தம்தான். அவர் தூக்கிட்டு வந்த தண்ணியைக் கீழ ஊத்தினாங்க. அவர் போர்வையை வெளிய போட்டாங்க. அண்ணன் விடியறதுக்கு முன்னால எழுந்து ஊத்துக்குப் போய் சிவப்பு சோப்பு போட்டுக் குளிப்பார். சாயங்காலம் ஒரு தடவை. அந்தக் கையால சோப்பைத் தேய்க்கிறது லேசு இல்லை. ஆனாலும் வெயில் ஏறினா அவர் விரல் வெடிப்புல இருந்து சுண்ணாம்பும் தோலும் கலந்த ஒரு வாடை மெல்ல வரும். வருஷக் கணக்கா ஊறினது. எனக்கு அந்த வாடை பழக்கம். எங்க தெருவே அந்த வாடைதான். எங்க வீட்டுப் பாயில, எங்கப்பா சட்டையில, எல்லாத்துலயும் இருந்தது.

கடைசிச் சனிக்கிழமை வந்தது. உஸ்தாத் காகிதத்தைக் கொடுத்துட்டு, சாயங்காலம் சாப் வந்து வாங்கிப்பார்னு சொல்லிட்டுப் போனார். சாப்னா உஸ்தாத்துக்கு மேல இருக்கிற அதிகாரி.

குடியாத்தத்தான் பெட்டி மேல ஏறி உட்கார்ந்தான். அண்ணன் அப்ப சமையல் கூடாரத்துல விறகு எறக்கிக்கிட்டிருந்தார். அவரை அனுப்பினதே அவன்தான்.

"சீட்டுக் குலுக்கல் எல்லாம் வேணாம். கடைசி ஆள் யார்னு எல்லாருக்கும் தெரியும்."

எல்லாரும் பென்சிலை எடுத்தோம்.

"காரணம் இன்னா எழுதறது?"ன்னு ஒருத்தன் கேட்டான்.

அங்கதான் எல்லாரும் மாட்டிக்கிட்டோம். ஒவ்வொருத்தனா யோசிச்சான். சோம்பேறின்னு எழுத முடியாது. கோழைன்னு முடியாது. திருடன்னு முடியாது. காட்டிக் கொடுத்தான்னு எழுதினா உஸ்தாத் நம்மளை உரிச்சுடுவார். குறட்டைகூட கிடையாது அவருக்கு. ஆறு வாரம் ஒருத்தன் பக்கத்துல படுத்துக் கண்டுபிடிக்க ஒரு குத்தம் இல்லாம ஒன்பது ஆம்பளைங்க பென்சிலை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தோம்.

எனக்கு எழுத்து மெதுவா வரும்னு சொன்னேன். அதனால நான் முதல்லயே ஆரம்பிச்சுட்டேன். பேரெல்லாம் எழுதிட்டேன். கடைசில அண்ணன் பேர். அவர் பேரையும் மத்த பேரை எழுதின மாதிரிதான் எழுதினேன். பக்கத்துல இருந்த இடத்துல ஒரே வார்த்தை எழுதினேன்.

நாத்தம்.

ஏன் அதை எழுதினேன்? ரொம்ப நாள் எனக்கே ஒரு கதை சொல்லிக்கிட்டேன். பயம்னு. பத்தாவது ஆளா தனியா நிக்கப் பயம், திரும்பவும் மணல்ல நிக்கப் பயம்னு. அது பாதிதான். கேட்டு நாற்காலி அப்ப என் மனசுல இருந்தது. நல்லாவே இருந்தது.

குடியாத்தத்தான் எட்டிப் பார்த்தான். அவன் மூஞ்சி மலர்ந்தது.

"இதோ பார்றா. அவன் தெருக்காரனே எழுதிட்டான். இதுக்கு மேல சாட்சி வேணுமா?"

பாய் என்கிட்ட வந்து காகிதத்தைப் பார்த்தார். "நீயா எழுதினே?"ன்னார்.

"ஆமா பாய்."

"நீயும் தோல்ஷாப்பு. நானும் மண்டி." தன் கையையே மோந்து பார்த்தார். அப்புறம் உட்கார்ந்து அவரும் அதையே எழுதினார். எழுதிட்டு வெளிய போய்த் துப்பிட்டு வந்தார்.

சாப் சாயங்காலம் மேஜை போட்டு உட்கார்ந்தார். நாங்க பத்துப் பேரும் வரிசையில நின்னோம். ஒவ்வொரு காகிதமா எடுத்து உஸ்தாத் வாசிச்சார். அண்ணன் பேர், நாத்தம். அண்ணன் பேர், நாத்தம். ஒன்பது தடவை. உஸ்தாத் குரல் ஏறவும் இல்லை, எறங்கவும் இல்லை. நாலாவது தடவையில சாப் மீசையைத் தடவிச் சிரிச்சார். பத்தாவது காகிதம் அண்ணனோடது. அதுல குடியாத்தத்தான் கடைசி. காரணம் பழசுதான்: கல்.

உஸ்தாத் சொன்னார்: "சாப், என் கணக்குல இவன் முதல்."

சாப் சொன்னார்: "ஒன்பது பேர் வேண்டாம்கிறான். சட்டம் சட்டம்தான்."

அண்ணன் ஒரு அடி முன்னால வந்தார். "சாப். பேர் கடைசில இருந்தா நான் போறேன். ஆனா இது குத்தமா சாப்?"

"குளிப்பா"ன்னார் சாப். "ஊருக்குப் போய் நல்லாக் குளி."

அண்ணன் திரும்பி வரிசைக்கு வந்து நின்னார். என் பக்கத்துல. நான் நேரா பார்த்துக்கிட்டு நின்னேன். ஒன்பது பேருக்கும் பட்டை வந்தது. குடியாத்தத்தானுக்கும்தான். உஸ்தாத் பட்டை கொடுக்கும்போது ஒவ்வொருத்தன் கையையும் குலுக்கணும். என் கையைக் குலுக்கிட்டு அவர் உள்ளங்கையைக் கால்சட்டையில துடைச்சார். நான் பார்த்தேன். நான் பார்க்கணும்னுதான் செஞ்சார்.

ஆம்பூர் பஸ்ல நானும் அண்ணனும் ஒரே சீட்டுல வந்தோம். என் சட்டைக் கையில பட்டை இருந்தது. மாதனூர் தாண்டினது. அப்புறம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கிட்டே கேட்டார்:

"ஒன்பது பேரும் ஒரே வார்த்தை. எவன்டா முதல்ல எழுதினான்?"

"தெரியலண்ணா."

அண்ணன் ஜன்னலை விட்டு என் பக்கம் திரும்பினார்.

"நான் உன்னை நாலாவதா போட்டேன். ஆறு வாரமும் நாலுதான். கல்லைப் போட்ட வாரம் அஞ்சுல போடலாமான்னு பார்த்தேன். சரி, நம்ம பையன், திருந்திடுவான்னு நாலுலயே விட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு யாரும் அவ்வளவு சரியா மார்க் போட்டதில்லை. கல்லைப் போட்ட அந்த ஒரு வாரத்தைத் தவிர. அதுக்கு அஞ்சும் ஜாஸ்திதான்.

அந்த வருஷக் கடைசியில கேட்டு நாற்காலியில நான் உட்கார்ந்தேன். அண்ணன் குழிக்குப் போனார்.

கேட்ல என் வேலை பெரிசா ஒண்ணும் இல்லை. காலையில ஆளுங்களை உள்ள விடணும். சாயங்காலம் சங்கு ஊதினதும் வரிசையில நிறுத்தி ஒவ்வொருத்தனையும் தடவிப் பார்க்கணும். எவனாவது தோல் துண்டை இடுப்புல சுத்தி எடுத்துட்டுப் போறானான்னு. கையைத் தூக்கி நிப்பான். அக்குள், இடுப்பு, முதுகு, தொடை. அடுத்த ஆள்.

முதல் நாள் அண்ணன் வரிசையில வந்தார். நான் அவரைத் தொடல. "போங்கண்ணா"ன்னேன்.

அவர் போகல. ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி நின்னார்.

"நீங்க போங்கண்ணா. உங்களைப் போய் பார்ப்பனா?"

"எல்லாரையும் பார்க்கறே இல்ல?"

"உங்களைத் தெரியாதா எனக்கு?"

"என்னைத் தெரியும். அதான் சொல்றேன். தொட்டுப் பாரு."

பின்னால ஐம்பது பேர் நின்னாங்க. "சீக்கிரம்பா, பசிக்குது"ன்னு கத்தினாங்க. அண்ணன் கையை எறக்கல. எறக்க மாட்டார்னு எனக்குத் தெரியும். மணல்ல பார்த்தவன் நான். அக்குள்ல கை வெச்சேன். இடுப்புல வெச்சேன். வெறும் எலும்பும் ஈரத் துணியும். என் மூஞ்சிக்கு மேல அவர் ரெண்டு உள்ளங்கையும் விரிஞ்சு இருந்தது. வாடை எறங்கி வந்தது. நான் மூச்சைப் பிடிச்சேன். பிடிச்சதை அவர் பார்த்தார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுண்ணா."

அவரே பின்னால திரும்பி, "அடுத்த ஆள் வா"ன்னு சொல்லிட்டு நடந்தார்.

அதுல இருந்து தினமும் அப்படித்தான். நான் விட்டாலும் அவர் போக மாட்டார். அவருக்கு என் மேல கோபம்னு சொல்ல முடியாது. பொங்கலுக்கு வீட்டுல இருந்து கிண்ணத்துல கொடுத்து அனுப்புவார். என் பிள்ளைக்குக் காய்ச்சல்னா வந்து நிப்பார். கேட்ல மட்டும் கையைத் தூக்குவார். முதலாளி ஒரு தடவை கார்ல வரும்போது அதைப் பார்த்துட்டு, "இவன் மேல ஏதாவது சந்தேகமா?"ன்னு கேட்டார். இல்லைங்கன்னேன். "அப்புறம் ஏன் இவ்வளவு நேரம் பார்க்கறே?"ன்னார். நான் காருக்குக் கேட்டைத் திறந்துவிட்டேன்.

அஞ்சாறு வருஷம் போயிருக்கும். எம்பதுகளோட நடு. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஒரு காகிதம் கொடுத்தார். காய்ஞ்ச பக்கம் ஆணி அடிக்க ஒரு ஆள் வேணும். குழியில இருக்கிற ஆறு பேர்ல எவன் சரியான ஆள்னு நீ எழுதிக் கொடு, தினமும் பார்க்கறவன் நீதானேன்னார். பேனாவையும் கொடுத்தார். அதே அளவுக் காகிதம். ஆனா எழுதினேன். முதல் பேரா அண்ணன் பேர். மத்த அஞ்சு பேரை எழுதவே இல்லை. ஏன்னு காரணம் கேட்கல அவர். நானே எழுதினேன். 'என்னைவிட நல்ல ஆள்'னு.

மேனேஜர் அண்ணனை வரச் சொன்னார். ஒரு சுத்தியலையும் ஆணியையும் கொடுத்து அடிக்கச் சொன்னார். அண்ணன் ஆணியை எடுக்கப் பார்த்தார். விரல் மடங்கல. ஆணி கீழ விழுந்தது. குனிஞ்சு எடுத்தார். திரும்பவும் விழுந்தது. ரெண்டு கையாலயும் சேர்த்துப் பிடிச்சுப் பார்த்தார். டாக்டர் சொன்ன வருஷம் எப்பவோ வந்து போயிருந்தது. நான்தான் கவனிக்கல. தினமும் என் தலைக்கு மேல விரிஞ்சு நின்ன கை அது. விரிஞ்சே இருக்குன்னு எனக்கு உறைக்கல.

"இவன் ஆக மாட்டான்பா"ன்னார் மேனேஜர். "வேற பேர் எழுது."

நான் எழுதல. அவரே யாரையோ போட்டுக்கிட்டார்.

அன்னைக்குச் சாயங்காலம் சங்கு ஊதினது. வரிசை வந்தது. அண்ணன் என் முன்னால வந்து கையைத் தூக்கினார்.

"அண்ணா, அன்னைக்கு முதல்ல எழுதினது நான்தான்"னு சொன்னேன்.

"தெரியும்டா"ன்னார். "பஸ்லயே தெரியும். பின்னால ஆள் நிக்குது. பாரு."

பார்த்தேன். அக்குள், இடுப்பு, முதுகு, தொடை.

"முடிஞ்சுதா?"

தலையாட்டினேன். அவர் கையை எறக்கிட்டு, "அடுத்த ஆள் வா"ன்னார்.